உடங்காட்டில் போட்ட துண்டு

எங்கள் செந்தேரியில் ஒருவர் மேல் இன்னொருவருக்கு எவ்வளவு பிரியம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கல்யாண வீட்டுக்கோ துக்க வீட்டுக்கோ போக வேண்டாம், திருச்செந்தூர் பஸ் வந்து நிற்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் போதும். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்து உள்ளே போகும், துண்டு இல்லாத பெண்கள் கர்சீப்பைப் போடுவார்கள், அதுவும் இல்லாதவர்கள் கடையில் வாங்கிய ஜாக்கெட் துணியைப் பிரித்துப் போடுவார்கள். தனக்கென்று துண்டு போடுகிறவனை நாங்கள் பெரிதாக மதிப்பதில்லை, அவன் எப்படியும் முண்டியடித்து உட்கார்ந்துவிடுவான். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற பெண்டாட்டிக்கும், மூட்டையோடு வருகிற மச்சானுக்கும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன சிநேகிதனுக்கும் போடுகிறானே, அதைத்தான் துண்டு என்போம். அப்படிப் போட்ட துண்டின் மேல் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் கபடி ஸ்டேடியத்துக்கு இடம் தேடிய கதையில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது.

நாடு முழுக்கக் கபடி லீக் நடத்துகிறவர்கள் தெற்கே புதிதாக ஓர் அணி சேர்க்கப் போகிறார்கள், எந்த ஊர் ஸ்டேடியத்துக்கு நல்ல இடம் காட்டுகிறதோ அந்த ஊரின் பெயரிலேயே அணி இருக்கும் என்று செய்தி வந்ததும், எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாம் தாங்களும் இடம் தருகிறோம் என்று கிளம்பின, ஒவ்வொன்றாகக் கழிந்தன, கடைசியில் நாங்களும் வெள்ளரிக்குளத்துக்காரர்களும் மட்டும் மிஞ்சினோம். வெள்ளரிக்குளத்தில் கபடி ஆடுகிறார்கள் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும் என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அது பொய், எங்களிடமிருந்து அவர்கள் ஜெயித்துக்கொண்டு போன கோப்பைகளை வைக்க அவர்கள் பஞ்சாயத்து ஆபீஸில் தனியாக ஓர் அலமாரி இருக்கிறது.

பேரூராட்சித் தலைவர் பால்துரை ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி மூன்று இடங்களைப் பார்த்தது. முதலாவது, ஊருக்கு வடக்கே வற்றிப்போன குளம். மழை பெய்தால் கபடிக்குப் பதில் நீச்சல்தான் நடத்த வேண்டும் என்று பொதுப்பணித் துறைக்காரர் சொல்லிவிட்டார். இரண்டாவது, பைபாஸ் ஓரத்தில் சிமெண்டுக் கடை சுயம்பு தனக்கென்று வாங்கிப் போட்டிருந்த நிலம். தாராளமாகத் தருகிறேன் என்று அவர் சொன்னார், ஆனால் நடுவில் உயர் மின்னழுத்தக் கம்பி போனது. மூன்றாவது, ஊருக்குக் கிழக்கே செம்மண் மணல்மேடாகிய தேரி தொடங்குகிற இடத்தில் இருக்கிற உடங்காடு. உடைமரங்கள் சுற்றி நிற்க, நடுவில் பரந்து கிடக்கும் பழைய மைதானம், எங்கள் அப்பாமார் காலத்திலிருந்து கோயில் கொடைவிழாக் கபடி நடந்த இடம். எல்லா வகையிலும் பொருத்தமான இடம் அதுதான். அதில் ஒரே ஒரு வில்லங்கம்: அது பாதி சுயம்புவுக்கும் பாதி அவருடைய அக்காள் ராஜகிளிக்கும் சொந்தம், இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சுயம்பு அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். அவர் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனால் எதிரணியில் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டார் என்று இப்போதும் சொல்வார்கள். ராஜகிளி அவருக்கு மூத்தவள், தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள், ஆனால் அவர் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை, ஏனென்றால் அப்போதெல்லாம் குமரிப் பெண்கள் கபடி பார்க்கப் போக மாட்டார்கள். அவர்கள் வீடு உடங்காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. புறவாசலில் நின்றுகொண்டு அவள் சத்தத்தை மட்டும் கேட்பாள். சிறு சிறு கைதட்டலும் விசிலுமாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒரு பெரிய ஆரவாரம் உடைமரங்களுக்கு மேலே எழும்பும், காக்கைகள் பறக்கும், அவ்வளவுதான், தம்பி ஜெயித்துவிட்டான் என்று உள்ளே ஓடி அரிசி மாவைப் பிசைந்து கருப்பட்டிக் கொழுக்கட்டை அவிப்பாள். அவன் செம்மண் அப்பிய முழங்காலோடு வந்து சேரும்போது கொழுக்கட்டை ஆவி பறக்க இருக்கும், அவன் ஒன்றும் பேசாமல் தின்பான்.

அப்பா இறந்த பிறகு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, அக்காள் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், தம்பி அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தர வேண்டும். சுயம்பு புடவையும் எடுத்துவிட்டார். பத்திர ஆபீஸில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக்கும் வயலுக்கும் பனைக்கும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட ராஜகிளி, உடங்காட்டுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முள்ளைத் தவிர ஒன்றும் முளைக்காத அந்தக் காட்டை மட்டும் எதற்காகப் பிடித்துக்கொண்டாள் என்று யாருக்கும் விளங்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் வாய் வராது. சுயம்புவுக்கு அது நாலு பேர் முன்னால் முகத்தில் அடித்தது போல் ஆகிவிட்டது. அன்றைக்கு முகத்தைத் திருப்பியவர், அக்காள் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனாகக்கூட வந்து நிற்கவில்லை. மாமனுக்கென்று எடுத்து வைத்த வேட்டியும் பச்சைக்கரைத் துண்டும் ராஜகிளியின் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தன. பிறகு அவள் புருஷன் காலமானார், மகள் சார்ஜாவுக்குப் போனாள், வீட்டில் அவளும் பெட்டியும் மட்டும் இருந்தார்கள்.

கமிட்டி உடங்காட்டைப் பார்க்கப் போன அன்று ராஜகிளியும் தன் ஒயர்கூடையோடு வந்திருந்தாள். பால்துரை கையை வீசி வீசி விளக்கினார், இங்கே ஆடுகளம், அங்கே வாசல், இந்தப் பக்கம் முழுக்க கேலரி.

"மொத வரிசை எங்கன வரும், அண்ணாச்சி?" என்று ராஜகிளி கேட்டாள்.

"இந்தா, நீ நிக்க எடத்துலதான்."

அவள் கூடையிலிருந்து அந்தப் பச்சைக்கரைத் துண்டை எடுத்து, உதறி, பஸ் ஜன்னலில் போடுவது போலவே காற்றில் போட்டு, "இது என் தம்பிக்கு" என்றாள். துண்டு கீழே விழவில்லை. முழங்கால் உயரத்தில், பலகையில் விரித்தது போல, இரண்டு பக்கமும் மடிந்து தொங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

கமிட்டியில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பால்துரை மீசையைத் தடவினார். "எடம் புடிச்சாச்சா, சரி, பொறவு யாரும் சண்டைக்கு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்றார், எல்லாரும் போனார்கள்.

மறுநாள் காலையில் ஊர் முழுக்கத் துண்டோடு உடங்காட்டில் நின்றது. கேலரி கட்டி முடித்த பிறகு இடம் பிடிக்கலாம் என்று காத்திருக்க நாங்கள் என்ன அசலூர்க்காரர்களா? ஆனால் போட்ட துண்டுகளில் பாதிக்கு மேல் சொத் சொத்தென்று மண்ணில் விழுந்தன, மீதி நின்றன, ஏன் என்று கண்டுபிடிக்க மத்தியானம் வரை ஆயிற்று. தனக்காகப் போட்ட துண்டு நிற்காது. அடுத்தவருக்காகப் போட்டால் நிற்கும், அதுவும், அவர் வந்து உட்கார வேண்டும் என்று மனசார நினைத்துப் போட்டால்தான் நிற்கும். நின்ற துண்டின் மேல், யாருக்குப் போட்டதோ அவர் உட்கார்ந்தால் அது தேக்குப் பலகையைப் போலத் தாங்கியது, வேறு யார் உட்கார்ந்தாலும் பொதுக்கென்று கீழே விட்டுவிட்டது. முதல் வரிசை நிரம்பியதும் அதற்குப் பின்னால் ஒரு முழம் மேலே இரண்டாவது வரிசை துண்டுகளை ஏற்றுக்கொண்டது, அதற்கு மேலே மூன்றாவது. கீழே உட்கார்ந்தவர் தோளைப் பிடித்தும் மேலே உட்கார்ந்தவர் கையைப் பிடித்தும் ஏறிப் போனோம், வெறுங்காற்றில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கடலை தின்றோம்.

அந்த வாரத்தில் எங்கள் ஊரில் நடந்த குழப்பங்களைச் சொல்லி முடியாது. ஆடு மேய்க்கிற பரமசிவம் தன் கிடாவுக்குப் போட்ட துண்டு நின்றது, பெண்டாட்டிக்குப் போட்டது நிற்கவில்லை. அவர் வீட்டு அடுப்பு பல நாள் பூனை தூங்குகிற இடமாக இருந்தது, பிறகு அவர் பெண்டாட்டியின் ஆஸ்பத்திரி, மாத்திரை, முழங்கால் வலி எல்லாவற்றையும் ஒரு முறை பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு வந்து மறுபடி போட்டார், நின்றது. மாமியாருக்கு மருமகள் போட்டது நின்றதென்று ஒரு வீட்டில் பாயசம் வைத்தார்கள். தலைவர் பால்துரைக்குக் கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்து கரைவேட்டிக்குப் பொருத்தமான துண்டுகளாகப் பார்த்துப் போட்டார்கள், அத்தனையும் வழுக்கிக்கொண்டு கீழே வந்தன. கடைசியில் ஒரே ஒரு அழுக்குத் துண்டு மட்டும் நின்றது, அது தேர்தலில் அவரிடம் தோற்று, தெருமுனையில் நின்று தினமும் அவரைத் திட்டுகிற சவரிமுத்து போட்டது.

"நீரு எதுக்குவே எனக்குப் போட்டீரு?" என்று பால்துரை கேட்டார்.

"நீரு வராட்டா நான் யாரப் பேசிக்கிட்டு மேட்ச் பாக்கது?" என்றார் சவரிமுத்து.

யாரும் இல்லாதவர்கள் என்று ஒரு கூட்டம் எந்த ஊரிலும் இருக்கும். ரிட்டயரான டிராயிங் வாத்தியார், ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த ஆட்கள், எல்லாரிடமும் சண்டை போட்டு முடித்துவிட்ட போஸ்ட்மாஸ்டர் அம்மா, இவர்கள் கேலரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வேலி ஓரமாக நிற்பார்கள். ராஜகிளி கூடையோடு அவர்களிடம் போவாள். வீட்டில் இருந்த பழைய துண்டு, கிழிந்த வேட்டி, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருப்பாள். "வாங்கய்யா, வெயில்ல எதுக்கு நிக்கிய?" என்று சொல்லி ஒன்றை எடுத்துப் போடுவாள். அவள் போட்டது ஒன்றுகூட விழுந்ததில்லை. சாயங்காலம் ஆனால் பையன்கள் கீழே பயிற்சி ஆடுவார்கள், ஊர் முழுக்க மேலே உட்கார்ந்திருக்கும், ராஜகிளி கீழே முதல் வரிசையில் அந்தப் பச்சைக்கரைத் துண்டின் மேல் படிந்த செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பாள். அது காலியாகவே கிடந்தது. வெயிலில் அதன் பச்சை மெல்ல வெளுத்தது.

சுயம்பு வரவில்லை. "காத்துல துண்டு நிக்கின்னு வெளிய சொல்லிராதிய, லீக்காரன் சிரிச்சிருவான்" என்று கமிட்டியில் சொன்னார். ஆனால் ஒரு நாள் உச்சிவெயிலில் அவர் தனியாக வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கடைசி ஓரத்தில் தனக்கென்று ஒரு துண்டைப் போட்டார் என்றும், அது விழுந்தது என்றும், திரும்பப் போட்டார், திரும்ப விழுந்தது என்றும், மண்ணைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார் என்றும் பரமசிவம் சொன்னார். கடைக்கு லாரி லாரியாகச் சிமெண்ட் வருகிற மனிதர். எங்களுக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருந்தது.

லீக்காரர்கள் வருகிற நாள் நெருங்கியது. சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட இடம்தான் வேண்டும், வில்லங்கம் இருந்தால் வெள்ளரிக்குளத்துக்குப் போய்விடுவோம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பால்துரை ராஜகிளி வீட்டுக்கும் சிமெண்டுக் கடைக்கும் நடையாய் நடந்தார்.

"அவன் வந்து அந்தத் துண்டுல ஒரு தடவ உக்காரட்டும், அண்ணாச்சி. பொறவு நீங்க எங்க காட்டுதியளோ அங்க போடுதேன்" என்றாள் ராஜகிளி.

"அவ மொதல்ல கையெழுத்தப் போடட்டும். பொறவு உக்காரத என்ன, படுத்தே கெடக்கேன்" என்றார் சுயம்பு.

இதற்கு மேல் பால்துரையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைப் பனியன் முதுகில் எழுதிக்கொண்டு ஒருவன் டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் பாடிப் போவதைப் பார்க்கலாம் என்று இருந்தோம். அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அந்தப் பனியன் கிழிந்துவிடும் போல இருந்தது.

லீக்கிலிருந்து வந்தவர் தேஷ்பாண்டே என்கிற ஒல்லியான மனிதர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசினார். காலையில் சுயம்பு அவரை பைபாஸ் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் மின்கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு நன்றி சொன்னார். சாயங்காலம் உடங்காட்டுக்கு வந்தார். ஊரே வெறுங்காற்றில் வரிசை வரிசையாக உட்கார்ந்து அவருக்கு வணக்கம் சொன்னது. ராஜகிளி அவருக்கென்று ஒரு பூப்போட்ட துண்டை முதல் வரிசையில் போட்டு, "உக்காருங்க சார், அலைஞ்சு வந்திருக்கிய" என்றாள். அவர் தயங்கி, தடவிப் பார்த்து, உட்கார்ந்தார். தாங்கியது. துண்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத் தன் பைலைத் திறந்தார்.

"இதில் எத்தனை பேர் உட்காரலாம்?"

"நாங்க எத்தன பேரு வரணும்னு நெனைக்கோமோ அத்தன பேரு" என்றார் பால்துரை.

தேஷ்பாண்டே அதை எழுதிக்கொண்டார். பிறகு, "எதிர் அணிக்காகக் கைதட்ட வெளியூர் ஆட்கள் வருவார்களே, அவர்கள்?" என்று கேட்டார். கேலரியில் கடலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. வெள்ளரிக்குளத்துக்காரனுக்குத் துண்டு போடுவதா என்று ஒவ்வொருவரும் யோசித்தோம். "அதுக்கு நாங்க பழகிக்கிடுவோம் சார்" என்று சவரிமுத்து மேலிருந்து சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து.

"சரி. இடத்தின் சொந்தக்காரர்கள்?"

சுயம்பு அப்போதுதான் ஸ்கூட்டரை உடைமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். அக்காள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் தேடினார். முதல் வரிசையில் தேடினார், அங்கே வெளுத்த துண்டு ஒன்று காலியாக இருந்தது, அதற்குப் பக்கத்திலும் ஆளில்லாத காற்றுதான். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை என்று பார்வையை மேலே மேலே ஏற்றினார், டிராயிங் வாத்தியார் இருந்தார், ஒடிசாக்காரர்கள் இருந்தார்கள், பரமசிவத்தின் கிடாகூட அசை போட்டுக்கொண்டு இருந்தது, அக்காளைக் காணோம். பிறகுதான் கீழே பார்த்தார். காலிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வலிக்கிற ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் வைத்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ராஜகிளி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க அக்கா ஏன்வே நிக்கா?" என்றார் சுயம்பு.

  எல்லாருக்கும் துண்டு போடுகிறவளுக்கு யாராவது போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம், இத்தனை மாதமாக அவள் கீழே நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அவள் உட்காரவில்லை என்பதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

"ஊரு முழுக்க எங்க அக்கா எடத்துல குத்த வச்சி ஒக்காந்திருக்கியளே, ஒருத்தன், ஒரே ஒருத்தன், அவளுக்கு ஒரு துண்டு போட்டியளாவே? கால் வலிக்காரி. சின்ன வயசுலேயே அவளுக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது. பேரப்பாரு, கமிட்டியாம் கமிட்டி!"

எங்கள் கைகள் எல்லாம் தோளுக்குப் போயின. தோளில் ஒன்றும் இல்லை, துண்டுகள் எல்லாம் எங்களுக்கு அடியில் இருந்தன. அந்த மைதானத்தில் தோளில் துண்டோடு இருந்த ஒரே ஆள் சுயம்புதான். அவர் அதை எடுத்தார், எடுத்துவிட்டு அப்படியே நின்றார். உச்சிவெயிலில் விழுந்த துண்டு அது. இந்தத் தடவையும் விழுந்தால் ஊர் முன்னால், வெளியூர்க்காரர் முன்னால், எல்லாவற்றையும்விட அக்காள் முன்னால் விழும். அவர் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், அந்த மனிதரை அவ்வளவு பிரியத்தோடு நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உதறினார், வெளுத்த பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் போட்டார்.

நின்றது.

"எக்கா," என்றார் சுயம்பு. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்ததால் கொஞ்சம் துருப்பிடித்தாற்போல வந்தது. "உக்காருக்கா."

"நீ மொதல்ல உக்காருல" என்றாள் ராஜகிளி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு துண்டும் தாங்கின. ராஜகிளி காலை நீட்டி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "அம்மாடி" என்றாள். மேலே போஸ்ட்மாஸ்டர் அம்மா சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

 பையன்கள் கீழே ஆட்டத்தைத் தொடங்கினார்கள், தேஷ்பாண்டே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜகிளி, "நீ ஆடி நான் பாத்ததே இல்ல" என்றாள், புகாராக இல்லை, சும்மா சொன்னாள். சுயம்பு அவளைப் பார்த்தார், தன் தொப்பையைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

லீக்காரர்கள் அதற்குப் பிறகு எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், கான்கிரீட் போட்ட பிறகும் முதல் வரிசைக்கு முன்னால் இரண்டு ஆள் அகலத்துக்கு வெறுங்காற்றை அப்படியே விட்டு வைத்தார்கள் என்பதும், முதல் மேட்சுக்கு வந்த வெள்ளரிக்குளத்துக்காரர்களுக்குக் கான்கிரீட்டுக்கு மேலே காற்றில் நாங்கள் போட்ட துண்டுகளில் முக்கால்வாசி நின்றுவிட்டன என்பதும் பிறகு நடந்தவை. அவையெல்லாம் பேப்பரில் வந்துவிட்டன. அன்றைக்கு நடந்தது வரவில்லை.

சுயம்பு கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிப் போனார். மூச்சு ஒரு வரிக்குக்கூடப் போதவில்லை, ஆனால் கால் மட்டும் பழையதை மறக்கவில்லை; இடப்பக்கம் போவது போல் போய் வலப்பக்கம் திரும்பினார், ஒரு பையனின் தோளைத் தொட்டும் விட்டார். கேலரியில் ஒரு விசில் வந்தது, நாலைந்து கைதட்டல் வந்தது. திரும்பி ஓடும்போது ஒருவன் அவர் கணுக்காலைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான், பிறகு எல்லாருமாக அவர் மேல் விழுந்தார்கள், சுயம்புவையே பிடித்துவிட்டார்கள் என்று மேலே எல்லா வரிசையும் சேர்ந்து ஓவென்று கத்தியது. அந்த ஆரவாரம் உடைமரங்களுக்கு மேலே எழும்பியது, காக்கைகள் பறந்தன.

ராஜகிளி கைதட்டப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். செம்மண்ணில் குப்புறக் கிடக்கிற தம்பியைப் பார்த்தாள், கேலரியை அண்ணாந்து பார்த்தாள், திரும்பத் தம்பியைப் பார்த்தாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்காலில் மண்ணோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புடிச்சிட்டானுவக்கா."

"ஏல, அந்தச் சத்தம்... அது புடிச்சா போடுத சத்தமா?"

"ஆமா. பின்ன? நான் தொட்டுட்டு வாரது எப்பமும் உள்ளதுதான, அதுக்கு யாரு கத்துவா? என்னையப் புடிக்கது லேசுல நடக்காதுல்லா, அதான் புடிச்சா ஊரே கத்தும்."

ராஜகிளி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுல்லா கொழுக்கட்ட அவிப்பேன். நீ ஜெயிச்சிட்டன்னு."

 சுயம்பு என்ன யோசித்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. தோற்றுத் தலைகுனிந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நாளும் இலையில் ஆவி பறக்க அது இருந்ததை, மனசு தெரிந்து அக்காள் ஆறுதலுக்குச் செய்கிறாள் என்று நினைத்துத் தின்றதை, இத்தனை வருஷம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லப்படாதால, தோத்துட்டேன்னு?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. தோத்தாலும் இவ ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன்."

ராஜகிளி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "அந்தச் சத்தம் வந்த எடம்னுதான்ல, இந்தக் காட்ட மட்டும் எழுதித் தர மாட்டேன்னேன். உன்னையப் பாக்கத்தான் குடுத்து வைக்கல, கேட்ட எடமாவது எங்கிட்ட இருக்கட்டும்னு."

சுயம்பு முழங்கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் செம்மண் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துப் பால்துரை பத்திரத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு வந்தார், சவரிமுத்து மேலிருந்து அவரைத் திட்டினார், இருந்தாலும் ராஜகிளி பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்கன போடணும்?" என்று கேட்டாள். தம்பி காட்டிய இடத்தில் போட்டாள். அதற்குக் கீழே அவரும் போட்டார்.

பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டபடியே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வீட்டுக்கு வாரேன்க்கா. இன்னைக்குத் தோத்துட்டுல்லா வாரேன்."

ராஜகிளி அரிசி ஊறப்போட வேண்டும் என்று கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.